வீட்டுக்கு வராத நான்காவது பெட்டி

அத்தியாயம் 6

மூன்றாவது ரேடியோ கடையிலிருந்தும் வெறுங்கையோடு இறங்கியபோது, இந்த வழக்கை எடுத்ததே தப்போ என்று துப்பறிவாளர் சுதர்சனத்துக்குத் தோன்றியது. தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் செப்டம்பர் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலை ஒன்பது மணியிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே பதிலை வாங்கியாகிவிட்டது.

"சார், மூணு கடையிலயும் இல்லைன்னுதான் சொன்னாவ. முதல் கடையிலயே மூணு தடவை கேட்டிருந்தா வெயிலாவது மிச்சம்" என்றான் உதவியாளன் அம்புரோஸ்.

சுதர்சனம் அவனை முறைத்தார். முறைப்பதற்குக்கூடத் தெம்பில்லை. நடந்தார்.

புதன்கிழமை காலை நாசரேத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். பெயர் ஞானபாய். பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர், ஐம்பது வயதுக்கு மேல். கணவர் கிருபாநிதி தலைமையாசிரியர், சபையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஒரே மகன் செல்வதுரை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சொன்னால் போகாமல், எலக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு மாடி அறையில் ராக் பாட்டுப் பாடி டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்த பிள்ளை. அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு முற்றி, பிப்ரவரி மாதம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான். மார்ச்சில் கிருபாநிதி ஒரு செய்தியோடு வீட்டுக்கு வந்தார். கொழும்புக்குப் போன தோணி ஒன்று நடுக்கடலில் உடைந்ததாகவும், அதில் மகனும் போனதாகவும் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நினைவு ஆராதனை, கல்லறைத் தோட்டத்தில் கல் நடுவது என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை டீச்சர் பெயருக்கு ஒரு தபால் வந்தது. தூத்துக்குடி முத்திரை. அனுப்பியவர் பெயர் இல்லை, கடிதமும் இல்லை. உள்ளே ஒரு டேப். போட்டுக் கேட்டால் செல்வதுரையின் கிடார், செல்வதுரையின் குரல். அவர் இதுவரை கேட்டிராத பாட்டு.

பழைய பதிவு, எவனோ கூட்டாளி விளையாடுகிறான் என்று கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். டீச்சர் முடிக்கவில்லை. பஸ் ஏறி சுதர்சனத்திடம் வந்துவிட்டார். பிள்ளை போவதற்கு முன்னால் பதிவு செய்ததா, போன பிறகு பதிவு செய்ததா, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். சுதர்சனம் சரி என்று சொல்லிவிட்டார். அந்த வாயைத்தான் இப்போது நொந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கே அந்தத் தோணியின் சொந்தக்காரரிடம் போய் விசாரித்ததில் ஒன்றும் தேறவில்லை. போனவர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் பெயர் உண்டு, செல்வதுரை என்று யாரும் இல்லை. ஆனால் கணக்கில் வராமல் ஓர் ஆள் ஏறுவதும் உண்டுதான் என்று அவரே சொல்லிக் குழப்பிவிட்டார்.

வியாழக்கிழமை நாசரேத்துக்குப் போய் மாடி அறையைப் பார்த்தார்கள். மேஜை மேல் மூன்று பெட்டிகள் இருந்தன. பிரீஆம்ப் என்று அதற்குப் பெயராம். மைக்கில் விழும் சத்தம் மிகச் சன்னமானது, அதைப் பெருக்கி டேப் ரெக்கார்டருக்குக் கொடுக்கிற பெட்டி. பெட்டி சரியில்லை என்றால் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் வீண். செல்வதுரை இரண்டு வருஷமாகச் சரியான பெட்டி தேடித் தேடி அலுத்துப்போயிருந்தான் என்பது அவனுடைய நோட்டுப் புத்தகத்தில் தெரிந்தது.

"வால்வுப் பெட்டி: நானே கட்டியது. குரல் நன்றாக வருகிறது. ஆனால் ஓயாத இரைச்சல். டிரான்சிஸ்டர் பெட்டி: சென்னையில் வாங்கியது. இரைச்சல் இல்லை, உயிரும் இல்லை. கிடாரை ஓங்கி அடித்தால் தகர டப்பா. மைக் செட் பெட்டி: கல்யாண வீட்டுக்குப் போதும்."

கடைசிப் பக்கத்தில் ஜனவரி 20 என்று தேதி போட்டு இப்படி எழுதியிருந்தான்: "நான்காவது பெட்டி. குரலுக்கு இதுதான். ஆனால் இதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது."

மூன்று பெட்டிகளையும் ஒவ்வொன்றாக மாட்டி, அம்புரோஸை மைக் முன்னால் நிறுத்திப் பாட வைத்து, தபாலில் வந்த டேப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஒத்துவரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து யாருக்கு உடம்புக்குச் சரியில்லை என்று விசாரித்ததுதான் மிச்சம். ஆக, அந்தப் பாட்டு நான்காவது பெட்டியில் பதிவானது. பெட்டி இருக்கிற இடம் தெரிந்தால் பையனைப் பற்றித் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவர முடியாத பெட்டி என்றால் ஏதாவது கடைக்காரரின் பெட்டியாக இருக்கும், அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்திருப்பான் என்று சுதர்சனம் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைத்தான் மூன்று கடைக்காரர்களும் சேர்ந்து பொய்யாக்கியிருந்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் ஞானபாய் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டேப் இருந்த மஞ்சள் பை. ராத்திரி தூங்காத கண்கள். சுதர்சனம் எந்தக் கடையிலும் துப்புக் கிடைக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை.

"தம்பி, கரண்டோட சுருதி மாறியிருக்கு" என்றார்.

சுதர்சனத்துக்குப் புரியவில்லை. டீச்சர் நிதானமாக விளக்கினார். மகனுடைய பதிவுகள் எல்லாவற்றிலும் அடியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடும். மின்சாரத்தின் இரைச்சல். இரண்டு வருஷமாக மாடியிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடம். ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தால் ஜி கட்டைக்கு ஓர் இழை மேலே நிற்கும். எந்த வருஷப் பதிவானாலும் அங்கேதான். தபாலில் வந்த டேப்பிலும் சன்னமாக அந்த இரைச்சல் இருக்கிறது. ஆனால் அது பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

டேப் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கலாமே என்று சுதர்சனம் கேட்டார். கேட்கும்போதே தன் குரலில் இருந்த சலிப்பு அவருக்கே பிடிக்கவில்லை.

"ஓடினா கிடாரும்லா சேர்ந்து ஏறணும். அவன் எப்பவும் நம்ம ஆர்மோனியத்துக்குச் சேர்ந்த, வாயால ஊதுத சுருதிக் குழலை வச்சுத்தான் கிடாருக்குச் சுருதி சேப்பான். கிடாரு இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. குரலும் இருக்கு. கரண்டு மட்டும் மாறியிருக்கு."

பாட்டு மாறவில்லை, மின்சாரம் மாறியிருக்கிறது. நாசரேத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஒரே மின்சாரம்தானே. சுதர்சனம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொரு முட்டுச் சந்து என்றுதான் நினைத்தார்.

"சார், எங்க சின்னையா ஒரு மாலுமிகிட்ட ரிக்கார்டு பிளேயர் வாங்குனாரு" என்று அம்புரோஸ் ஆரம்பித்தான்.

இப்போது உன் சின்னையா கதை வேண்டாம் என்றார் சுதர்சனம்.

"கதை இல்ல சார். கப்பல்ல போட்டுக் காட்டும்போது பாட்டு ஜோரா இருந்துச்சு. வீட்டுல கொண்டாந்து போட்டா, பாடுதவன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாடுத மாதிரி இழுக்கான். கடைக்கார அண்ணாச்சிதான் சொன்னாரு. நம்ம ஊரு கரண்டு விநாடிக்கு அம்பது தடவை துடிக்கும். அந்தக் கப்பல்ல அறுபது தடவையாம். எங்க சின்னையா பாக்கிப் பத்துக்கு மாதாவை வேண்டிக்கிட்டாரு."

 சுதர்சனம் எழுந்து நின்றார். நான்காவது பெட்டி ஏன் வீட்டுக்கு வராது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அது கப்பலில் இருக்கிற பெட்டி. துறைமுக வாசலில் கஸ்டம்ஸ்காரர்கள் இப்போதெல்லாம் ஒரு சீமைப் பேனாவைக்கூட வெளியே விடமாட்டார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் அம்புரோஸின் உறவுக்காரர்கள் உதவினார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் அவன் மச்சான் குமாஸ்தா. ஜனவரி இருபதாம் தேதி வாக்கில் புதுத் துறைமுகத்தில் நின்று, இப்போதும் வந்து நிற்கிற கப்பல் எது என்று கேட்டதற்கு, பேரேட்டைப் புரட்டி ஒரே ஒரு பெயர் சொன்னான். மரியா குளோரியா. வெளிநாட்டுக் கொடி. ஐந்து நாளாக உரம் இறக்குகிறது. ஆனால் ரேடியோ ஆபீசர் சாத்தான்குளத்துக்காரர், அற்புதமணி என்று பெயர், பாட்டுக் கருவிகளில் பைத்தியம் என்று கூடுதலாக ஒரு தகவலும் கொடுத்தான்.

டாக்சியில் மூவரும் போனார்கள். கப்பல் ஏஜெண்டைப் பிடித்து இரண்டு பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு வாங்க முடிந்தது. மஞ்சள் பையை மட்டும் வாங்கிக்கொண்டு, டீச்சரை வாசலுக்கு வெளியே டாக்சியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. சுதர்சனம் வாசல்காரரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் சீட்டைத் தவிர வேறு எதையும் பார்க்க மறுத்துவிட்டார்.

கப்பல் ஏணியில் ஏறும்போது சுதர்சனம் அம்புரோஸிடம், செல்வதுரை பெயரை வாய்தவறியும் எடுக்கக் கூடாது என்று எச்சரித்தார். தேடி வந்திருக்கிறோம் என்றால் எவனும் வாயை மூடிக்கொள்வான். யோசனை கேட்டு வந்திருக்கிறோம் என்றால் மூடச் சொன்னாலும் மூட மாட்டான்.

ரேடியோ ஆபீசர் அற்புதமணிக்கு நாற்பது வயது இருக்கும். குறுகிய அறை. கட்டிலுக்கு மேல் தட்டில் பெரிய டேப் ரெக்கார்டர், அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கனமான ஒரு பெட்டி. சுதர்சனம் கும்பிட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் தன் அக்கா மகன் கிடார் வாசித்துக்கொண்டு பாடுகிறான், வீட்டிலேயே பதிவு செய்ய ஒரு பிரீஆம்ப் வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று தெரியாமல் மூன்று கடை ஏறி இறங்கி மனசு விட்டுப்போயிற்று என்றார். கடைசிப் பகுதி உண்மை என்பதால் நன்றாகவே சொன்னார்.

அற்புதமணியின் முகம் மலர்ந்துவிட்டது. இருவரையும் கட்டிலில் உட்கார வைத்தார். கடைக்காரர்கள் பளபளப்பையும் திருகுகளின் எண்ணிக்கையையும் காட்டி ஏமாற்றுவார்கள், அதைப் பார்க்காதீர்கள் என்றார். வீட்டில் ஒரே பெட்டிதான் வைத்துக்கொள்ள முடியும், அது இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்றார்.

"ராக் பாட்டுல குரல் சில இடத்துல கெஞ்சும். கிடாரு எப்பவும் அடிக்கும். கெஞ்சுறதும் காதுல விழணும், அடிச்சாலும் தாங்கணும். ரெண்டும் சேர்ந்த பெட்டி ஆயிரத்துல ஒண்ணு."

தங்களிடம் இருப்பது அப்படிப்பட்டதா என்று சுதர்சனம் பணிவாகக் கேட்டார். அற்புதமணி பெட்டியின் மூடியைக் கழற்றியே காட்டினார். ஹாம்பர்க்கில் வாங்கியது, நான்கு வருஷமாகிறது. குரலுக்கு அன்றைக்கே அருமை. ஆனால் கிடாரை ஓங்கி அடித்தால் கரகரவென்று உடையும். எத்தனை துறைமுகத்தில் யாரிடம் காட்டியும் சரியாகவில்லை. உள்ளே பளிச்சென்று புதிதாகத் தெரிந்த சின்ன உருளை ஒன்றை விரலால் தொட்டார்.

"இந்த வருஷம் ஜூன்ல சிங்கப்பூர்ல இதை வாங்கி நானே மாத்தினேன். அதுக்கப்புறம் எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் ஒரு கரகரப்பு கிடையாது. அதுக்கு முன்ன பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சுதர்சனம் ஜூன் மாதமா என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஜூன் பதினொன்று என்று தேதியே சொன்னார் அற்புதமணி. பிறகு சுதர்சனம் மஞ்சள் பையிலிருந்து டேப்பை எடுத்து, இதைக் கொஞ்சம் போட முடியுமா என்றார்.

முதல் நாலு அடி கிடார் கேட்டதுமே அற்புதமணியின் கை ரெக்கார்டர் மேல் அப்படியே நின்றது. பாட்டு ஓடியது. குரல் ஓரிடத்தில் தணிந்து கெஞ்சியது, அடுத்த இடத்தில் கிடார் அறைச் சுவரே அதிரும்படி ஓங்கி விழுந்தது. சுத்தமாக விழுந்தது.

யாரென்று தெரிகிறதா என்றார் சுதர்சனம். அற்புதமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். தெரியும், நாசரேத்துப் பையன், ஜனவரியில் கப்பல் வந்தபோது அறிமுகமாகி இங்கே உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தான், பிறகு தோணியில் போய்ச் செத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன், நல்ல பையன் என்றார். எல்லாம் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"ஜனவரிப் பதிவுல கரகரப்பைக் காணோமே, சார்" என்றார் சுதர்சனம்.

 டேப் சுற்றி முடிந்து நுனி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்புரோஸ் எழுந்து அதை நிறுத்தினான்.

"ஒரு உருளையை மாத்தி, செத்தவனையும் பாட வச்சிருக்கீய. சிங்கப்பூர்ல அது என்ன விலை?" என்று கேட்டான்.

மூன்று நாள் எரிச்சலும் அப்போதுதான் சுதர்சனத்துக்கு வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கல் நடப் போகிறார்கள், பெற்றவள் வாசலில் டாக்சியில் உட்கார்ந்திருக்கிறாள், இதில் மறைத்து விளையாட என்ன இருக்கிறது என்று இரைந்தார்.

"நான் விளையாடல, சார். அவன்தான் சொல்லக் கூடாதுன்னான். அவங்க அப்பா எழுதின கடிதத்தைப் பாத்திருந்தா நீங்களும் வாயை மூடிட்டுத்தான் இருப்பீங்க."

எந்த அப்பா என்று கேட்கப் போன சுதர்சனம் பாதியில் நிறுத்திக்கொண்டார். தோணிச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று அவர் ஒரு முறைகூடத் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற எல்லாரையும் சந்தேகப்பட்டிருந்தார்.

அற்புதமணி வெளியே போய் ஓர் இளைஞனை அழைத்து வந்தார். வெள்ளை மேல்சட்டை, கையில் பாத்திரம் துடைக்கிற துணி. டேப்பில் கேட்ட குரலுக்கு ஆள் இவ்வளவு ஒல்லியாக இருப்பான் என்று சுதர்சனம் எதிர்பார்க்கவில்லை. செல்வதுரை பம்பாயில் இந்தக் கப்பலில் சமையலறை வேலைக்கு ஏறியிருந்தான். மார்ச்சில் நல்லபடி இருக்கிறேன் என்று அப்பாவுக்கு எழுதினான். ஏஜெண்டு மூலம் வந்த பதிலை அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து நீட்டினான்.

தலைமையாசிரியரின் முத்தான கையெழுத்து. மூன்றே வரி. "எங்களைப் பொறுத்தவரை நீ கடலில் போய்விட்டாய். நாங்கள் அழுது முடித்துவிட்டோம். இனிமேல் எழுதாதே."

நாங்கள் என்ற சொல்லைச் சுதர்சனம் இரண்டு முறை படித்தார்.

"அம்மாவும் சேர்ந்துதான் சொல்லியிருக்காங்கன்னு நினைச்சேன்" என்றான் செல்வதுரை. "இங்கன வந்ததும் மனசு கேக்கல. டேப்பை மட்டும் அனுப்புனேன். எந்தக் கப்பல்னு வீட்டுக்குத்தான் தெரியுமே. கேட்டா என்ன செய்யுதாங்கன்னு பாப்போம்னு. அஞ்சு நாளாச்சு. யாரும் வரல. அவங்களுக்கும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

சுதர்சனம் அவனுக்கு ஒன்றே ஒன்றைச் சொன்னார். இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தது தானும் இல்லை, அம்புரோஸும் இல்லை. உன் அம்மா ராத்திரி முழுக்க ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, உன் பாட்டுக்கு அடியில் ஓடுகிற கரண்ட் இரைச்சலைக் கேட்டுக் கண்டுபிடித்தார் என்றார். செல்வதுரை கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு அற்புதமணியைப் பார்த்தான். திங்கட்கிழமை காலைதான் கப்பல் கிளம்புகிறது, காப்டனிடம் தான் பேசிக்கொள்வதாக அவர் சொன்னார்.

வாசலுக்கு வெளியே டீச்சர் டாக்சியை விட்டு இறங்கிச் சுவர் நிழலில் நின்றிருந்தார். மகனைப் பார்த்ததும் ஓடவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்றதும் தோளையும் கையையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மெலிந்துவிட்டாய் என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதார்.

கடிதத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று சுதர்சனம் தயங்கிக்கொண்டிருந்தார். காட்டாமல் விட்டால் அந்த 'நாங்கள்' என்பதில் அம்மாவும் உண்டோ என்ற சந்தேகம் மகனுக்குப் போகாது. காட்டினால் வீடு இரண்டாகும். கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படக்கூட விடாத வழக்கு. டீச்சரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். படித்தார். நாங்கள் என்ற இடத்தில் அவர் விரல் நின்றதைச் சுதர்சனம் பார்த்தார்.

"எத்தனை மாசமா இது அவுகளுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

மார்ச்சிலிருந்து என்று சுதர்சனம் சொன்னார். கல் நடுகிற இடத்தைப் போன வாரம் கணவர் தன்னையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் காட்டினார் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

செல்வதுரை நாசரேத்துக்கு வர மறுத்தான். அப்பா முகத்தில் விழிக்க மாட்டேன், நீங்கள் என்னைப் பார்த்துவிட்டீர்கள், அது போதும், போகிற ஊரிலிருந்தெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன் என்றான். சுதர்சனம் சமாதானம் சொல்ல வாயெடுத்தார். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஆராதனை. ஊரையே கூப்பிட்டிருக்காவ. உனக்காகத்தான் நடக்கு, நீ வராம இருந்தா நல்லா இருக்காது. முன் வரிசையில என் பக்கத்துல உக்காரு. பாட்டு நான் வாசிக்கேன். உங்க அப்பா என்ன பிரசங்கம் பண்ணுதாவன்னு கேப்போம்."

செல்வதுரை முதலில் அம்மா விளையாடுகிறார் என்று நினைத்தான் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

டீச்சர் டாக்சியில் ஏறி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அம்புரோஸ் முன்னால் ஏறினான். சுதர்சனம் வெளியிலேயே நின்றார், அந்த இடம் தனக்கானது இல்லை என்று.

செல்வதுரை கப்பல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து உள்ளே போய் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினான்.